எழுநூறு அடிக்குக் கீழே

அழகுராஜாவைச் சூதாடி என்று சொல்வதில் அவன் சொந்தபந்தத்துக்கு இருந்த ருசி கொஞ்சநஞ்சமில்லை. மேலூருக்குக் கிழக்கே, கால்வாய்த் தண்ணீர் வந்தாலும் வரும் வராமலும் போகும் கடைமடை ஊர் அவனுடையது. அங்கே கல்யாணமோ காதுகுத்தோ, இவன் பந்தியில் உட்கார்ந்தால் போதும். பக்கத்து இலைக்காரர் குனிந்து, "என்ன மாப்ள, இன்னமும் சீட்டுதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். அவன் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பணம் வைத்துச் சீட்டாடியதில்லை. இதைச் சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

நடந்தது இவ்வளவுதான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் திரிந்த காலத்தில், கோவாவில் ஆற்றில் நிற்கிற ஒரு சூதாட்டக் கப்பலுக்கு ஆள் எடுத்தார்கள். தட்டு கழுவப் போனான். விரல்களின் சுறுசுறுப்பைப் பார்த்துச் சீட்டுப் போடும் டீலர் வேலைக்கு மாற்றினார்கள். பன்னிரண்டு வருஷம் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, ஊர் ஊராக வந்த பணக்காரர்களுக்குச் சீட்டுப் பரிமாறினான். அவர்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் அவனுக்கு மாதச் சம்பளம். டீலர் ஆடக் கூடாது, ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது. மேசையை விட்டு எழும்போது இரண்டு கைகளையும் ஒரு தட்டுத் தட்டி, முன்னும் பின்னும் திருப்பிக் கேமராவுக்குக் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லை ஒன்றைக்கூட ஒளித்து எடுத்துப் போகவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

அந்தப் பழக்கம் அவனை விடவில்லை. வீட்டில் சாப்பிட்டு எழுந்தாலும் கைகளைத் தட்டித் திருப்பிக் காட்டுவான். அவன் அப்பா முத்துக்கருப்பனுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "வெளங்காத பயலே, வீட்டுக்குள்ள வந்து என்னடா வெறுங்கையக் காட்டிக்கிட்டு" என்று எரிந்து விழுவார்.

கொரோனாவில் கப்பல் நின்றபோது அழகுராஜா ஊர் திரும்பினான். வில்லாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜராகச் சேர்ந்தான். அதற்கு முன்பே, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வில்லாபுரத்திலேயே ஒரு சின்ன வீடு கட்டியிருந்தான். கீழே இரண்டு அறை, மேலே தகரக் கொட்டகை. மனைவி நாகஜோதி, பள்ளிக்கூடம் போகிற மகள் ரோகிணி, அவ்வளவுதான் குடும்பம். ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், துணி எடுக்க வருகிறவர்கள், காலேஜில் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் தங்குமிடம். தங்குவார்கள், தின்பார்கள், ஃபேனைப் போட்டுத் தூங்குவார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "என்ன இருந்தாலும் சீட்டுக் காசுல கட்டுன வீடுல்ல" என்பார்கள். நாகஜோதி அந்தத் தட்டுகளைக் கழுவும்போது எழுகிற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

சீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்தான் சீட்டுக்காரன் என்று அவனைப் பழித்தார்கள். தெரிந்த ஒருவர் உண்டு. பசுமலை ராம்கி. ஆடிட்டர் ஆபீசில் வேலை. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை கப்பலுக்கு வந்து போட்டி ஆட்டத்தில் உட்காருவார். போட்டி ஆட்டம் என்றால், நுழைவுக் கட்டணம் கட்டியவர்களுக்கெல்லாம் ஒரே அளவு வில்லைகள். வில்லை தீர்ந்தவர் எழுந்து போக வேண்டும். கடைசி வரை நிற்கிற சிலருக்குத்தான் பரிசு. ஒவ்வொரு சுற்றிலும் வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயம் ஏறிக்கொண்டே போவதால் ஒருவராலும் சும்மா உட்கார்ந்து காலம் தள்ள முடியாது. ஏதோ ஒரு கட்டத்தில் முன்னால் இருக்கிற அத்தனையையும் நடுவே தள்ளி, 'ஆல் இன்' என்று சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு தடவை அழகுராஜாவின் மேசையில் ராம்கி அப்படித் தள்ளினார். அவரிடம் இரண்டு ஏஸ். அதைவிடப் பெரிய ஜோடி சீட்டுக்கட்டிலேயே கிடையாது. எதிரே கை நிறைய மோதிரம் போட்ட ஒரு ஆள், வெறும் ஏழு ஜோடியை வைத்துக்கொண்டு, யோசிக்காமல் தானும் எல்லாவற்றையும் தள்ளினார். ஐந்து தடவை ஆடினால் நான்கு தடவை ஏஸ்தான் ஜெயிக்கும். இருவருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகளை அழகுராஜா ஒவ்வொன்றாகத் திருப்பினான். நான்கு சீட்டு வரைக்கும் ஒன்றுமில்லை. ஐந்தாவது சீட்டு இன்னொரு ஏழு. மூன்று ஏழு சேர்ந்தால் இரண்டு ஏஸ் தோற்கும். மோதிரக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். ராம்கி எழுந்து, தன் நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு வெளியே போனார்.

இடைவேளையில் மேல்தளத்தில் அழகுராஜா அவரைத் தேடிப் போனான். மேசையில் தமிழ் பேசக் கூடாது என்பதால் இருவரும் பேசுவது அங்கேதான்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. ஏங்கையாலயே அந்த ஏழு வந்து விழுந்துச்சு."

"ஒங்க கை என்ன பண்ணும்? நான் தள்ளுனது சரி, அவரு தள்ளுனது தப்பு. என்ன சீட்டு வந்துச்சுங்கிறது வேற சமாச்சாரம்."

"வலிக்கலையா?"

"வலிக்காம இருக்குமா. நாளைக்கே இதே சீட்டு வந்தாலும் இதத்தான் செய்வேன். அதுக்காகத்தான் இதுக்குன்னு ஒதுக்குனத மட்டும் எடுத்துட்டு வாரேன். இன்னிக்கித் தோத்தா அடுத்த தடவ வந்து ஒக்காரணும்ல. வீட்ட வித்துட்டு வந்து ஒக்காந்தேன்னா, ரெண்டு ஏஸ் கையில இருந்தாலும் நான் கிறுக்கன்தான்."

மோதிரக்காரர் அதற்கப்புறம் ஒவ்வொரு போட்டிக்கும் வந்தார். ஒரு தடவை பலித்ததை அவர் வித்தை என்று நம்பிவிட்டார். ஏழு ஜோடிக்கும் தள்ளினார், நாலு ஜோடிக்கும் தள்ளினார். அடுத்த வருஷம் விரல்களில் மோதிரங்கள் இருந்த இடத்தில் வெளிறிய தடம்தான் இருந்தது. பிறகு ஆளையே காணோம். அவரை நாற்காலி மேல் ஏற்றி ஆடவிட்ட அந்த ஐந்தாவது சீட்டைத் திருப்பியது தான்தானே என்று அழகுராஜா பல நாள் மனசுக்குள் குமைந்தான்.

இதெல்லாம் கப்பலோடு போயிற்று என்றுதான் நினைத்தான். ஆனால் கப்பலில் இருந்ததைவிடப் பெரிய மேசை ஒன்று அவன் சொந்த ஊர் வயலிலேயே கிடந்தது. அதற்குச் சீட்டுக்கட்டு வேண்டாம். ஒரு தேங்காய் போதும்.

பேயாண்டி என்கிற நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து வயலில் நடப்பார். தேங்காய் எங்கே எழுந்து நிற்கிறதோ அங்கே தண்ணீர். உடனே போர் வண்டி வரும். நகை அடகுக்குப் போகும், மாடு சந்தைக்குப் போகும், சில நேரம் நிலமே போகும். பாதாளத்தில் ஒரு துளை போட்டு அத்தனையையும் அதற்குள் கொட்டுவார்கள். தண்ணீர் வந்தால் ராசிக்காரன். வெறும் பாறைத்தூள் புகை வந்தால் ராசியில்லாதவன். இதற்குப் பெயர் விவசாயமாம், சூது இல்லையாம். மேலூர்ப் பக்கத்துப் பாறையில் எத்தனை குடும்பம் இப்படிப் புகைந்து போயிருக்கிறது என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

அழகுராஜாவின் அண்ணன் சின்னக்கருப்பன் ஏற்கெனவே ஒரு போர் போட்டிருந்தான். புகைதான் வந்தது. இரண்டாவது போருக்காக அப்பாவையும் கூட்டிக்கொண்டு வில்லாபுரத்துக்கு வந்தான். நாகஜோதி வைத்த அயிரை மீன் குழம்பை இரண்டு பேரும் வளைத்துக் கட்டினார்கள். பிறகு முத்துக்கருப்பன் தொண்டையைச் செருமி, வீட்டுப் பத்திரத்தைக் கேட்டார்.

சீட்டுக் காசில் கட்டிய வீடு. அதன் பத்திரம் மட்டும் அடமானத்துக்கு ஆகும். நாகஜோதி கரண்டியோடு வந்து நின்றாள். "மாமா, இது ஒண்ணுதான் எங்களுக்கு. ரோகிணிக்கு இருக்கிறதும் இதுதான்" என்றாள்.

"நாங்க என்ன சூதாடவா கேக்கோம், நெலத்துக்குத்தானம்மா கேக்கோம்" என்றார் முத்துக்கருப்பன்.

அழகுராஜாவுக்குக் காதில் ஈயம் ஊற்றினாற்போல இருந்தது. ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்தான். தனக்கு ஐ.டி.ஐ. ஃபீஸ் கட்டியது அந்த மனுஷன்தான். இரண்டு போகம் கருகி, கன்னம் ஒட்டிக் கிடந்தது. முடியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை.

ஒரு வாரம் கேட்டு விசாரித்தான். அந்த வட்டாரத்தில் தண்ணீர் கண்ட போர்கள் எல்லாம் நானூறு அடிக்கும் அறுநூற்றைம்பது அடிக்கும் நடுவில்தான் கண்டிருந்தன. எழுநூறு அடிக்குக் கீழே இறங்கியவர்களில் பத்துக்கு ஒருவர் தேறினால் பெரிது. அதோடு ஒவ்வொரு நூறு அடிக்கும் அடிக்கூலி ஏறிக்கொண்டே போகும். எழுநூறு அடி வரை ஆகிற செலவை, தண்ணீர் வராவிட்டாலும், தன் சம்பளத்தில் அடைத்துப் பத்திரத்தை மீட்டுவிடலாம். அதற்குக் கீழே இறங்கியும் தண்ணீர் வராவிட்டால் வீடு போகும்.

"பத்திரத்தத் தாரேண்ணே. ஆனா எழுநூறு அடி. அதுக்கு மேல ஒரு பைப்பு எறங்கக் கூடாது. இப்பவே பேசிருவோம். வண்டி ஓடுறப்பப் பேச முடியாது" என்றான்.

சின்னக்கருப்பன் கருப்பசாமி கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுச் சத்தியம் செய்தான். பத்திரம் மேலூர் ஃபைனான்ஸ் ஒன்றுக்குப் போனது. எத்தனை அடி இறங்குகிறதோ அத்தனைக்கும் அவர்களே வண்டிக்காரனுக்குப் பணம் கொடுத்துவிடுவார்கள் என்பது ஏற்பாடு.

போர் போடுகிற அன்று காலையில் அழகுராஜா லீவு போட்டுவிட்டுப் போனான். பேயாண்டியின் தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் மஞ்சள் தெளித்துச் சூடம் ஏற்றினார்கள். உடைக்க வைத்திருந்த தேங்காயை அழகுராஜா எடுக்கப் போனான்.

"நீ தொடாதடா. சீட்டப் புடிச்ச கை" என்றார் முத்துக்கருப்பன், ஊர்க்காரர்கள் முன்னால்.

சீட்டுப் பிடித்த கை தேங்காய்க்கு ஆகாது, பத்திரத்தில் கையெழுத்துப் போட மட்டும் ஆகும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளி நின்றான்.

வண்டி உறுமத் தொடங்கியது. இருநூறு, முந்நூறு. மண் போய்ப் பாறைத்தூள் வந்தது. ஐந்நூறில் கொஞ்சம் ஈரம் தட்டியது. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அதுவும் காய்ந்து போனது. உச்சி வெயிலில் எழுநூறாவது அடி முடிந்தபோது வெள்ளைப் புகை வரப்பெல்லாம் மாவு கொட்டினாற்போல் படிந்திருந்தது. அழகுராஜா கையைத் தூக்கினான். வண்டிக்காரன் இயந்திரத்தை நிறுத்தினான்.

"போதும்ணே" என்றான் அழகுராஜா.

"ரெண்டு பைப்பு பாப்போம்" என்றான் சின்னக்கருப்பன்.

"சத்தியம் பண்ணிருக்க."

"இம்புட்டு தூரம் வந்துட்டு இப்ப நிறுத்துனா எழுநூறு அடியும் வீணாப் போயிரும்டா."

"அது போனது போனதுதாண்ணே. எறங்குனாலும் திரும்பி வராது, நிறுத்துனாலும் வராது. இனிமே போடப் போறது என் வீடு. அதத்தான் பேசுறேன்."

பேயாண்டி குறுக்கே வந்தார். இந்தப் பாறைக்கு அடியில் ஆறே ஓடுகிறது, தன் தேங்காய் பொய் சொல்லாது என்றார். முதல் போருக்கும் இதே தேங்காய்தான் எழுந்து நின்றது. அதை அழகுராஜா எடுத்துச் சொன்னபோது, அது வேறு தேங்காய் என்றார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் அடுத்தவன் அழிவதை வாய் மூடிப் பார்த்திருந்தவன், வாயைத் திறந்த ஒரே நாளில் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் இல்லை.

முத்துக்கருப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "இவன் கண்ணு முன்னால நிக்கிறவரைக்கும் தண்ணி வராது. ஏய், நீ ரோட்டுப் பக்கம் போடா" என்றார்.

அவன் போனான். தார் ரோட்டுப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்தான். வண்டி மறுபடி உறுமியது. நாகஜோதிக்கு ஃபோன் செய்து, "நிறுத்தல" என்றான். "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டாள். ஒவ்வொரு பைப்பு இறங்கும் ஓசைக்கும் அவனுக்கு வீட்டில் ஒரு பகுதி போனது. இப்போது மேல்கொட்டகை போயிருக்கும், இப்போது சமையற்கட்டு போயிருக்கும்.

வெயில் சாயும் நேரத்தில் இயந்திரத்தின் ஓசை மாறியது. ஒரு கூச்சல் எழுந்தது. வெடி வெடித்தார்கள். அவன் வரப்பில் விழுந்தடித்து ஓடினான். தொள்ளாயிரம் அடிக்கும் கீழேயிருந்து சேற்றுத் தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. சின்னக்கருப்பன் அதன் நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தான். அழகுராஜாவும் நனைந்தான், அவனும் அழுதான். வீடு பிழைத்தது, அண்ணன் பிழைத்தான். அந்தச் சந்தோஷத்தை அவன் மறைக்கவில்லை.

ஆனால் ஊர் அவனைச் சந்தோஷமாக இருக்க விட்டால்தானே. "ஒம்பேச்சக் கேட்டிருந்தா என்னாகியிருக்கும்?" என்று அண்ணன் கேட்டான். அப்பா கேட்டார். கிடாய் வெட்டி விருந்து வைத்த அன்று இலை போட்டவன் முதல் எச்சில் எடுத்தவன் வரை கேட்டார்கள். பேயாண்டிக்கு வேட்டி கொடுத்துத் துண்டு போர்த்தினார்கள். சத்தியத்தை மீறியவனுக்கு மாலை, காப்பாற்றச் சொன்னவனுக்குக் கேலி.

"தண்ணி வந்தது நல்லது. எறங்குனது தப்பு" என்று ஒரே ஒரு தடவை பதில் சொன்னான். பந்தியே சிரித்தது. அந்தச் சிரிப்பில் கப்பலில் கேட்ட அதே கூச்சல் அவன் காதில் விழுந்தது.

அன்று அவன் சொன்னது எவருக்கும் விளங்கவில்லை. விளங்கும்படி அடுத்த கோடையில் நடந்தது. பக்கத்து வயல்காரர் வீரணன். பரம்பரையாக அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு உழைத்த குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்த நிலம் வாங்கிய மனுஷன். சின்னக்கருப்பனின் தண்ணீரைத் தினமும் வரப்பில் நின்று பார்த்தவர். அதே பேயாண்டி, அதே தேங்காய், அதே வண்டி. எழுநூறில் புகை வந்தபோது அவர் மனைவி தங்கப்பொண்ணு போதும் என்று கெஞ்சினாள். "சின்னக்கருப்பனுக்குத் தொள்ளாயிரத்துலதான வந்துச்சு" என்று சுற்றி நின்ற அத்தனை பேரும் சொன்னார்கள். தொள்ளாயிரம் தாண்டியது, ஆயிரம் தாண்டியது. கடைசி வரை புகை. வாங்கிய நிலம் வாங்கிய கடனுக்கே போனது. இப்போது வீரணன் அதே நிலத்தில், வாங்கியவனிடம் கூலிக்குப் போகிறார்.

அவரை உசுப்பேற்றிய வாய்கள் என்ன சொல்லின தெரியுமா? "அவனுக்கு ராசி இல்ல." அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை உழைப்பை ஒரு சொல்லில் புதைத்துவிட்டுப் போனார்கள். அழகுராஜா வீரணன் வீட்டு வாசலில் போய் நின்றான். தங்கப்பொண்ணு, "நீ சொன்னத எங்ககிட்ட வந்து ஒருதரம் சொல்லியிருக்கலாம்ல தம்பி" என்றாள். அவன் வாசலோடு திரும்பினான். சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா என்பது வேறு. தண்ணீர் பீய்ச்சும் போர் ஒன்று கண்ணெதிரே இருக்கும்போது எவன் பேச்சு எடுபடும்.

பத்திரத்தின் மேல் வாங்கிய கடன், சின்னக்கருப்பனின் ஒரு நல்ல விளைச்சலிலும் அழகுராஜாவின் சம்பளத்திலும் அடைந்தது. பத்திரம் பீரோவுக்குத் திரும்பியது. ஆனால் சுற்றிலும் ஆளாளுக்குத் துளைத்ததில் நீர் இறங்கிக்கொண்டே போய், ஒரு நாள் மோட்டார் காற்றைக் கக்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணனும் அப்பாவும் வில்லாபுரத்துக்கு வந்துவிட்டார்கள்.

"ஆயிரத்து இருநூறு போகணுங்கிறாரு பேயாண்டி" என்றான் சின்னக்கருப்பன். "பத்திரத்தக் குடு தம்பி."

நாகஜோதி அடுக்களை நிலையில் வந்து நின்றாள். புருஷன் முகத்தையே பார்த்தாள்.

"இல்லண்ணே" என்றான் அழகுராஜா.

முத்துக்கருப்பன் நிமிர்ந்தார். "போன தடவையும் இப்பிடித்தான் மொரண்டு புடிச்ச. ஜெயிச்சோமா இல்லையா?"

"ஜெயிக்கலய்யா. அன்னைக்கி எழுநூறு அடிக்குக் கீழ எறங்குனப்பவே தோத்துட்டோம். தண்ணி வந்ததால நம்மளுக்குத் தெரியல. பாத்துக்கிட்டு இருந்த வீரணனுக்குத்தான் தெரிஞ்சுச்சு."

"மருந்து, ஒரம், எல்லாம் வாங்கிப் போட்டுட்டேன்டா" என்றான் அண்ணன். குரல் உடைந்தது.

"கருகுறதுக்கு நான் சம்பளத்துல தாரேன். எனக்கு நீ ஃபீஸ் கட்டுனத மறக்கல. மாசாமாசம் தாரேன். வீட்டத் தர மாட்டேன்."

சின்னக்கருப்பன் வெடுக்கென்று எழுந்தான். "சூதாடிப் பயகிட்டப் போயி நியாயம் கேட்டேன் பாரு, என்னச் சொல்லணும்."

வீட்டைப் பணயம் வைக்க மாட்டேன் என்று சொன்னவனுக்கு, வைக்கச் சொன்னவன் கொடுத்த பட்டம் அது. நாகஜோதி நிலையை விட்டு முன்னால் வந்தாள். அழகுராஜா கையமர்த்தினான்.

"ஒனக்கு ராசியே இல்லடா. எப்பவுமே இல்ல" என்றார் முத்துக்கருப்பன்.

"இல்லாட்டிப் போகுதுய்யா. வீடு இருக்கு. ஒக்காருங்க, சாப்ட்டுப் போங்க."

இரண்டு பேரும் வாசல் வரைக்கும் போனார்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வெயில் கொளுத்தியது. பிறகு உட்கார்ந்தார்கள். நாகஜோதி பரிமாறினாள். மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டார்கள். கை கழுவி எழுந்தபோது அழகுராஜா பழக்கதோஷத்தில் இரண்டு கைகளையும் தட்டி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினான். அப்பா அதைப் பார்த்தார். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.